குடல் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது? கலத்தின் நகர்வு முதல் பாமசிக் குளிசை வரை

"வயிறு சரியில்லை" என்று மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு பாமசியில் கேட்டால், நான்கு வகைக் குளிசைகளில் ஏதாவது ஒன்று கைக்கு வரும்: டொம்பெரிடோன், ஹயோசின், லொபெரமைட், பிசகோடில். நான்குக்கும் பொதுப் பெயர் வயிற்றுக் குளிசை. ஆனால் முதலாவது இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இரண்டாவது குடலின் பிடிப்பைத் தளர்த்துகிறது. மூன்றாவது ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது. நான்காவது பெருங்குடலைத் தூண்டிவிடுகிறது. பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒருவருக்குக் கேட்ட குளிசை இன்னொருவருக்குக் கேட்காமல் போவதும், சில வேளை கெடுதல் செய்வதும் இதனால்தான்.

இன்னொரு பக்கம், "குடலில் இரண்டாவது மூளை இருக்கிறது", "ஆய்வுகூடத்தில் குடல் நரம்பை வளர்த்துவிட்டார்கள்" என்று செய்திகள் வருகின்றன. குளிசையும் செய்தியும் ஒரே விடயத்தைப் பற்றியவை. குடலின் அசைவு பல படிகளில் நடக்கிறது. எந்தப் படி பழுதானது என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து குருட்டு மருந்து.

அடிப்படை: இரண்டு புரதங்கள்

உடம்பில் அசைகிற எதையும் கலத்தின் அளவுக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அக்டின், மயோசின் என்ற இரண்டு புரதங்களில்தான் வந்து நிற்கும். அக்டின் ஏறத்தாழ 7 நனோமீற்றர் தடிப்புள்ள இழை. மயோசின் அந்த இழையைப் பிடித்து இழுக்கும் புரதம்.

குடல் சுவரில் இருப்பது மழமழப்பான தசை. கை, கால் தசையைப் போல நாம் நினைத்தவுடன் அது சுருங்காது. சுருங்கும் விதம் இது:

1. தசைக்கலத்துக்குள் கல்சியம் நுழைகிறது.
2. கல்சியம் கல்மொடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது.
3. அந்தச் சேர்க்கை ஒரு நொதியத்தை இயக்க, அது மயோசினில் ஒரு பொஸ்பேற்றை ஏற்றுகிறது.
4. பொஸ்பேற்று ஏறிய மயோசின் அக்டினை இழுக்கிறது. கலம் சுருங்குகிறது.

முதலாம் படியை மறித்தால் மற்ற மூன்றும் நடக்காது. உயர் குருதியழுத்தத்துக்கு வெரபமில் எடுப்பவர்கள் மலச்சிக்கல் என்று வந்து சொல்வதற்குக் காரணம் இதுதான். குருதிக்குழாய்த் தசைக்குள் கல்சியம் போகாமல் தடுக்கும் அதே குளிசை குடல் தசையிலும் தடுக்கிறது.

இதே இரண்டு புரதங்களைக் கொண்டுதான் தனிக் கலமொன்று இடம்விட்டு இடம் ஊர்கிறது. முன்பக்கத்தில் அக்டின் இழைகள் வளர்ந்து மென்சவ்வை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட பகுதி கீழேயுள்ள தளத்தைப் பற்றிக்கொள்ளும். பின்பக்கத்தில் மயோசின் இறுக்கும். பின் பிடி விட்டுப்போக, கலம் ஓரடி முன்னே வந்திருக்கும். காயத்துக்கு விரைந்து வரும் வெண்குழியங்கள் நிமிடத்துக்கு 10 மைக்ரோமீற்றர் அளவில் இப்படி ஊரும். குடலின் நரம்புத்தொகுதி உருவானதே கலங்கள் இவ்வாறு ஊர்ந்து வந்ததால்தான். அந்தப் பயணம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஹிர்ஷ்ப்ருங் என்னும் பிறவிக் குடல் நோய் சாட்சி. அதைப் பிறகு பார்ப்போம்.

குடல் சுவரில் தாளம் போடுவது யார்?

குடலில் தசை இரண்டு படைகளாக இருக்கிறது. உள்ளே வட்டத் தசை, வெளியே நீளத் தசை. இரண்டுக்கும் நடுவே இரு கூட்டத்தார் இருக்கிறார்கள்.

முதற் கூட்டம் கஜால் இடைக்கலங்கள். ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ கஜால் விவரித்தவை. 1906 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இந்தக் கலங்கள் என்ன செய்கின்றன என்பது தெளிவாக 1990கள் வரை ஆயிற்று. இவைதான் குடலின் தாளக்காரர்கள். மின் அலைகளை ஓயாமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். இரைப்பையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3, முன்சிறுகுடலில் 12, சிறுகுடலின் கடைசியில் 8. சிறுகுடலில் மேலே வேகம் கூட, கீழே குறைவு. உள்ளடக்கம் கீழ்நோக்கிப் போவதற்கு இந்த வித்தியாசம் உதவுகிறது. ஆனால் அலை எழுந்தவுடன் தசை சுருங்கிவிடாது. அலை ஒரு வாய்ப்பை மட்டுமே தருகிறது. அந்த வாய்ப்பில் சுருங்குவதா, விடுவதா என்பதை நரம்பு தீர்மானிக்கிறது.

இரண்டாவது கூட்டம் அந்த நரம்புக்கலங்கள். குடல் முழுக்க 10 கோடிக்கு மேல். "இரண்டாவது மூளை" என்ற பெயர் இந்த எண்ணிக்கையால் வந்தது. பெயர் சற்று மிகை. இது சிந்திப்பதில்லை. ஆனால் மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் இயங்கும் என்பது உண்மை. 1899 இல் லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிய பிறகும், குடலுக்குள் ஒரு பொருள் தொட்டால் அதற்கு மேலே சுருங்கி, கீழே தளர்வதைக் காட்டினார்கள். குடலை வெளியே எடுத்துக் கரைசலில் வைத்தாலும் இது நடக்கும் என்று 1917 இல் ட்ரென்டலென்பேர்க் கினிப்பன்றியின் குடலில் காட்டினார்.

அந்த மேலே சுருக்கம், கீழே தளர்வுதான் பெரிஸ்டால்சிஸ் என்னும் அலையசைவு. உள்ளே நடப்பது இது. உணவு உட்சுவரை அழுத்தும்போது அங்குள்ள சுரப்புக் கலங்கள் செரட்டோனின் என்ற இரசாயனத்தை வெளியிடும். உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அதை உணர்நரம்பு அறிகிறது. உணவுக்கு மேற்பக்கத்து நரம்புகள் அசெட்டைல்கோலின் என்ற இரசாயனத்தை வெளியிட, தசை இறுகுகிறது. கீழ்ப்பக்கத்து நரம்புகள் நைட்ரிக் ஒக்சைட்டை வெளியிட, தசை தளர்கிறது. தளர்வும் ஒரு வேலைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழே வழி விடாவிட்டால் மேலே எவ்வளவு தள்ளியும் பயனில்லை.

மூளைக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட ஓரிரு ஆண்டுகளிலேயே, ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வோல்ட்டர் கெனன் பூனைக்கு பிஸ்மத் கலந்த உணவு கொடுத்து இரைப்பையின் அசைவைத் திரையில் பார்த்தார். பூனை பயந்தோ கோபப்பட்டோ திமிறிய நேரமெல்லாம் அசைவு நின்றது. அமைதியானதும் திரும்பத் தொடங்கியது.

காலைப் பெரட்டும் பெருங்குடலும்

ஒரு நாளில் குடல் ஒரே மாதிரி அசைவதில்லை. சாப்பிட்ட பிறகு சிறுகுடல் பிசைந்து கலக்கும். இரைப்பை உணவை 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த துணுக்குகளாக அரைத்துத்தான் கீழே விடும். வெறும் வயிற்றில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடல் வரை, குப்பை பெருக்குவது போன்ற ஓர் அலை போகும். வயிறு இரைவது அப்போது. சாப்பிட்டவுடன் அது நின்றுவிடும்.

மலையக வாழ்க்கைக்கு முக்கியமானது பெருங்குடலின் பெரிய தள்ளல். நாளுக்குச் சில தடவைகள் மட்டுமே பெருங்குடலில் நீளமான, பலமான சுருக்கம் எழும். அதிகம் வருவது இரண்டு வேளைகளில்: தூக்கம் கலைந்து எழும்பும்போதும், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள்ளும். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் உள்ளே போனதும் இரண்டும் ஒன்றாய்ச் சேர்கின்றன. கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் பெரட்டுக்களத்துக்கு (வேலைக்கு ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடத்துக்கு) நடக்கும் நேரம். பிறகு மலையில் கழிப்பறை கிடையாது. அடக்கிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அடக்கினால் நடப்பது:

1. நேர்குடல் (குதத்துக்கு மேலுள்ள கடைசிப் பகுதி) தளர்ந்து மலத்துக்கு இடங்கொடுக்கிறது. உந்தல் சில நிமிடங்களில் மங்கிவிடுகிறது.
2. அடுத்த பலமான சுருக்கம் வரும்வரை மலம் அங்கேயே கிடக்கிறது. பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது.
3. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் நேர்குடல் விரிந்து பழகிவிடும். முன்னர் உந்தலைத் தந்த அளவு மலம் இப்போது தராது.

இதற்குப் பேதிக் குளிசை தீர்வாகாது. நாற்பது நிமிடம் முன்னதாக எழும்பி, ஏதாவது சாப்பிட்டு, வீட்டிலேயே போய்வர நேரம் வைத்துக்கொள்வதுதான் உடம்பின் அமைப்புக்குப் பொருந்திய வழி. மலையில் கழிப்பறை கேட்பது மானப் பிரச்சினை மட்டுமல்ல, உடல்நலப் பிரச்சினையும்கூட.

இதோடு இரண்டு விடயங்கள் சேர்கின்றன. ஒன்று கோதுமை மா ரொட்டி. வெள்ளை மாவில் 100 கிராமுக்கு நார் 3 கிராமுக்கும் குறைவு. பெரியவருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவித்த கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 7 கிராமுக்கு மேல் உண்டு. கரட், போஞ்சி ஏறத்தாழ 3 கிராம். நம் மலையில் விளையும் மரக்கறி கொழும்புக்கு லொறி ஏறிப்போய், லயத்தில் ரொட்டியும் சம்பலும் மிஞ்சுவது தனிக் கதை. மற்றது குருதிச்சோகைக்குக் கொடுக்கும் இரும்புக் குளிசை. அது பலருக்கு மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். அதற்காக நிறுத்திவிடக் கூடாது. தண்ணீரையும் நாரையும் கூட்டி, டிஸ்பென்சரியில் சொன்னால் அளவையோ வகையையோ மாற்றித் தருவார்கள்.

வெற்றிலை, பாக்கு பற்றி ஒரு வார்த்தை. சாப்பிட்ட பின் வெற்றிலை போட்டால் வயிறு இளகும் என்பது வெறும் நம்பிக்கையல்ல. பாக்கிலுள்ள அரெகோலின், அசெட்டைல்கோலின் போய் ஒட்டும் வாங்கிகளிலேயே (கலத்தில் சமிக்ஞையைப் பெறும் புரதங்களிலேயே) ஒட்டிக் குடலைத் தூண்டுகிறது. ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழு மருந்தாகவும் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அதே பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்குவது உறுதியாகத் தெரிந்த பிறகு, மலச்சிக்கலுக்கு அதை நம்பியிருப்பதில் நியாயமில்லை.

நரம்புக்கலங்கள் ஊர்ந்து வரும் பாதை

குடலின் நரம்புக்கலங்கள் குடலில் பிறப்பதில்லை. முளையத்தின் (கருவின்) பின்மூளைப் பகுதியில், நரம்பு முடி என்னும் இடத்தில் பிறந்து, குடலின் மேல்முனையில் நுழைந்து, கீழே குதம் வரை ஊர்ந்து போகின்றன. மனித முளையத்தில் இந்தப் பயணம் 4ஆம் வாரமளவில் தொடங்கி 7ஆம் வாரமளவில் முடிகிறது. இதை நிறுவியவர்களில் முக்கியமானவர் பிரான்சின் நிகோல் லெ துவாரன். காடையின் கலக்கருவைக் கோழியின் கலக்கருவிலிருந்து நுணுக்குக்காட்டியில் பிரித்தறிய முடியும். காடைக் கலங்களைக் கோழி முளையத்தில் ஒட்டி, அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று 1970களில் அவர் பின்தொடர்ந்தார்.

குடல் சுவர் GDNF என்ற புரதத்தை விடுகிறது. ஊர்ந்து வரும் கலங்களின் மேல் RET என்ற வாங்கி இருக்கிறது. வாங்கி அந்தப் புரதத்தை உணர்ந்து கலத்தை முன்னே இழுக்கிறது. கலங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே குடலும் நீண்டுகொண்டே போகிறது. ஆகவே போகும் வழியில் பெருகவும் வேண்டும், நகரவும் வேண்டும். எண்ணிக்கையோ வேகமோ குறைந்தால் கடைசிப் பகுதிக்கு ஆள் போய்ச் சேராது. குடலின் கடைசிப் பகுதி எது? நேர்குடல். ஹிர்ஷ்ப்ருங் நோய் கிட்டத்தட்ட எப்போதும் குதத்திலிருந்து மேல்நோக்கி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

டென்மார்க்கின் ஹரல்ட் ஹிர்ஷ்ப்ருங் 1886 இல் பெருங்குடல் மிகப் பெரிதாக வீங்கி இறந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். அதன் பின் ஏறத்தாழ 60 வருடம் வைத்தியர்கள் வீங்கிய பகுதியையே நோய் என்று எண்ணி அதை வெட்டினார்கள். குழந்தைகள் குணமாகவில்லை. கீழே கான் அடைபட்டால் மேலேதான் வெள்ளம் தேங்கும். தேங்கிய இடத்தை வெட்டி என்ன பயன்? நரம்பில்லாமல் இறுகியே கிடக்கும் கீழ்ப்பகுதிதான் நோய் என்பதை வைத்து 1948 இல் ஓவர் ஸ்வென்சன் அந்தப் பகுதியை அகற்றி, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார். இன்றைய அறுவைச் சிகிச்சைகள் எல்லாம் அதன் வழிவந்தவை.

5,000 பிறப்புகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இது இருக்கும். ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு அதிகம். தாய் எதைச் சாப்பிட்டாள், எதைத் தூக்கினாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எப்படிக் கண்டுகொள்வது?

1. நிறைமாதக் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முதல் 24 மணி நேரத்துக்குள் கருநிற முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரம் தாண்டினால் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.
2. வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி. பச்சை வாந்தி எந்தச் சிசுவுக்கு வந்தாலும் அவசரம். விடியும்வரை பார்க்கக் கூடாது.
3. வளர்ந்த பிள்ளையில், பிறந்த நாள் முதலே மலச்சிக்கல், எடை ஏறாமை, வைத்தியர் பரிசோதிக்கும்போது நேர்குடல் வெறுமையாக இருத்தல். இரண்டு, மூன்று வயதுக்குப் பிறகு அடக்கிப் பழகியதால் வரும் சாதாரண மலச்சிக்கலில் இதற்கு எதிர்மாறாக நேர்குடல் நிறைந்திருக்கும், உள்ளாடையில் மலம் கசியும்.
4. காய்ச்சல், உப்பிய வயிறு, பீறிட்டு வரும் நாற்றமான வயிற்றோட்டம். இது குடலழற்சி. உயிரைப் பறிக்கக்கூடிய கட்டம். வயிற்றோட்டத்தைப் பார்த்து மலச்சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சுகப்பிரசவத்துக்குப் பின் தாயும் சேயும் ஒரு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டால், 48 மணி நேர எல்லை லயத்தில்தான் கடக்கும். முதல் மலம் எத்தனை மணிக்கு வந்தது என்பதை யாராவது குறித்துவைத்து, வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவிச்சியிடம் சொல்ல வேண்டும். மற்றது, வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்துக் குதத்தில் வைக்கும் பழக்கம். அது குதத்தைத் தூண்டி, தேங்கிய காற்றையும் மலத்தையும் பீறிட்டு வெளியேற்றும். வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். ஹிர்ஷ்ப்ருங் குழந்தையிலும் இப்படி வரும். வைத்தியரின் விரல் வெளியே வரும்போது மலம் பீறிடுவது அந்நோயின் அறிகுறியே. ஆகவே காம்பு வைத்து வந்தது என்பதற்காக நோய் இல்லை என்று ஆகாது. அது மறைக்கத்தான் செய்யும்.

உறுதிப்படுத்தும் சோதனை எளிது. குதத்துக்குச் சற்று மேலிருந்து ஓர் உறிஞ்சு கருவியால் சிறு துணுக்கு இழையம் எடுப்பார்கள். அந்த இடத்து உட்சுவருக்கு நோவு உணர்வில்லாததால் சிசுவுக்கு மயக்கமருந்து தேவைப்படாது. துணுக்கில் நரம்புக்கலம் இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். மலையகத்தில் இத்தகைய சிறுவர் அறுவைச் சிகிச்சைக்குப் பொதுவாக அனுப்பப்படும் இடங்களில் ஒன்று பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை.

ஆய்வுகூடச் செய்திகள் சொல்வது என்ன?

2016 இல் நியூயோர்க்கில் லொரன்ஸ் ஸ்டூடரின் குழு, பல வகைக் கலங்களாக மாறக்கூடிய மனிதக் குருத்துக்கலங்களிலிருந்து குடல் நரம்பின் முன்னோடிக் கலங்களை வளர்த்து, ஹிர்ஷ்ப்ருங் போன்ற குறையுள்ள எலிகளின் குடலில் செலுத்தியது. அவை குடல் நெடுக ஊர்ந்து பரவின. சிகிச்சை பெற்ற எலிகள் பிழைத்தன. அந்நோயோடு தொடர்புள்ள ஒரு வாங்கி இல்லாத கலங்கள் நகர மறுத்ததும், பெப்ஸ்டற்றின் என்ற சேர்வை சேர்த்ததும் மீண்டும் நகர்ந்ததும் அதே ஆய்வில் தெரிந்தன. அடுத்த ஆண்டு சின்சினாட்டியில் குருத்துக்கலத்திலிருந்து வளர்த்த குடல் துண்டுக்கு நரம்புக்கலங்களைச் சேர்த்தபோது அது அலையாக அசைந்தது.

இவை மனிதருக்கான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. எலியின் குடலில் சில சென்ரிமீற்றர் ஊர்வதும், மனிதனின் ஒன்றரை மீற்றர் பெருங்குடலில் பரவுவதும் ஒன்றல்ல. தள்ளும் நரம்பும் தளர்த்தும் நரம்பும் சரியான விகிதத்தில் அமைய வேண்டும். வைத்த கலம் புற்றாக மாறவும் கூடாது. அதுவரை அறுவைச் சிகிச்சையே வழி.

நான்கு குளிசைகள், நான்கு இடங்கள்

டொம்பெரிடோன் இரைப்பையைக் கட்டுப்படுத்தும் டோபமின் என்ற இரசாயனத்தின் வாங்கியை மறிக்கிறது. பிரேக் எடுபட, இரைப்பை கீழே தள்ளுகிறது. சாப்பாட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன் எடுக்க வேண்டும். பெரியவருக்கு ஒரு தடவைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், ஒரு வாரத்துக்கு மேல் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். காரணம், இதயத்துடிப்பின் மின்னோட்டத்தை இது குழப்பக்கூடும். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், புளுகொனசோல் ஆகியவற்றோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். இதன் உறவான மெட்டோகுளோபிரமைட் மூளைக்குள்ளும் போய்விடும். பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் கழுத்து திருகி, கண் மேலே செருகலாம். பார்ப்பவர்களுக்கு வலிப்பு மாதிரித் தெரியும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் ஊசியில் இறங்கிவிடும்.

ஹயோசின் அசெட்டைல்கோலினை மறிப்பது. முறுக்கு வலிக்கு நல்லது. ஆனால் மலச்சிக்கலால் வந்த வயிற்று வலிக்கு இதைப் போட்டால் வலி குறையும், அடைப்பு இறுகும். டொம்பெரிடோனும் ஹயோசினும் ஒன்றாக எடுப்பது ஒரே வண்டிக்கு முன்னும் பின்னும் மாடு கட்டுவது. இரண்டையும் ஒரே கடுதாசிப் பையில் வாங்கிவருவது சாதாரணமாக நடக்கிறது.

லொபெரமைட் குடல் நரம்பிலுள்ள ஒபியொயிட் (அபின் வகை) வாங்கியில் ஒட்டி அசைவை மந்தமாக்குகிறது. பெரியவருக்கு முதலில் 4 மில்லிகிராம், பிறகு தண்ணியாகப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் 2 மில்லிகிராம். சாதாரண வயிற்றோட்டத்தில் ஒரு நாள் பஸ் பயணத்தைச் சமாளிக்க உதவும், நோயைத் தீர்க்காது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மலத்தில் இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் எந்த வயதினரும் எடுக்கக் கூடாது.

ஏன் என்பதற்குச் சிகெல்லா என்ற பக்டீரியா நல்ல உதாரணம். இரத்தக் கழிச்சலுக்கு அது ஒரு பெருங்காரணம். அதற்கு நீந்துவதற்கான சவுக்குமுளையே கிடையாது. ஆனால் குடற்கலத்துக்குள் நுழைந்ததும், அந்தக் கலத்தின் அக்டினையே தன் பின்பக்கத்தில் வாலாகக் கட்டவைத்து, அந்த வால் வளர்வதால் உந்தப்பட்டு அடுத்த கலத்துக்குள் பாய்கிறது. நம் புரதத்தைக் கொண்டே நமக்குள் பரவுகிறது. இத்தகைய கிருமியை உடம்பு வெளியே தள்ளும் வேளையில் குடலை நிறுத்திவைத்தால், கிருமிக்குக் கூடுதல் நேரம் கொடுத்ததாகிவிடும். பெருங்குடல் வீங்கி வெடிக்கும் நிலைகூட வரலாம்.

வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு வேண்டியது ஜீவனி என்னும் உப்பு, சீனிப் பொடி. பொதியில் சொன்ன அளவுக் கொதித்தாறிய தண்ணீரில், கூட்டாமல் குறைக்காமல் கரைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் உப்பு கூடிக் கெடுதல் செய்யும். சீனியும் சோடியமும் சேர்ந்துதான் குடற்கலத்துக்குள் போகின்றன, அவற்றின் பின்னால்தான் நீர் போகிறது. குடல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கூடவே 10 முதல் 14 நாட்கள் சிங்க் (நாகம்) குளிசை: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. குடலின் உட்படைக் கலங்கள் அடியிலிருந்து நுனிக்கு ஊர்ந்து ஏறி, சில நாட்களில் முழுக்கப் புதிதாகின்றன. சிங்க் அந்தப் புதுப்பித்தலுக்குக் கைகொடுக்கிறது.

பிசகோடில் பெருங்குடலின் நரம்பைத் தூண்டுகிறது. இரவு எடுத்தால் 6 முதல் 12 மணி நேரத்தில், அதாவது காலையில் வேலை செய்யும். பெருங்குடல் வரை கரையாதிருக்க அதற்கு ஒரு மேற்பூச்சு இருக்கிறது. பால்தேத்தண்ணியோடோ அமில நாசினியோடோ விழுங்கினால் பூச்சு இரைப்பையிலேயே கரைந்து, வயிறு முறுக்கும். வெறும் தண்ணீரோடு எடுக்க வேண்டும், உடைக்கவோ கடிக்கவோ கூடாது. லக்டுலோஸ் வேறு வகை. நரம்பைத் தொடாமல் நீரை இழுத்து மலத்தை இளக்குவதால் ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். ஒரு தடவை குடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று விடுபவர்கள்தான் அதிகம்.

பூச்சி மருந்திலும் இதே அசைவு விடயம் உண்டு. உருண்டைப்புழு குடலில் எங்கும் கடித்துக்கொண்டிருப்பதில்லை. அலையசைவுக்கு எதிராகத் தன் தசையை இறுக்கித் தாக்குப்பிடிக்கிறது. பைரன்டெல் அந்தத் தசையை முடக்க, நம் குடலே புழுவைத் தள்ளி வெளியேற்றுகிறது. மெபெண்டசோல் புழுவின் கலத்துக்குள்ளிருக்கும் நுண்குழாய்களைக் குலைத்துப் பட்டினி போடுகிறது, அதனால் சில நாள் எடுக்கும். அடுத்த நாளே புழு விழவில்லை என்று இன்னொன்று போட வேண்டியதில்லை.

வளைவுப் பாதையும் வாந்தியும்

கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் பஸ்ஸில் வாந்தி வருவோர் டொம்பெரிடோன் எடுப்பது வீண். பயண வாந்தி காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பில் தொடங்குகிறது. அங்கே வேலை ஹிஸ்டமினுக்கும் அசெட்டைல்கோலினுக்கும், டோபமினுக்கு அல்ல. குமட்டல் வரும்போது இரைப்பையின் நிமிடத்துக்கு 3 அலை என்ற தாளம் குலைந்து 4 முதல் 9 வரை ஓடுவது பதிவாகியிருக்கிறது. புரோமெதசின், சின்னரிசின் போன்றவற்றைப் பயணத்துக்கு முன்பே எடுத்தால்தான் பயன். வாந்தி தொடங்கிய பின் குளிசை இரைப்பையிலேயே கிடக்கும். தூக்கம் வரும் என்பதால் சாரதிகளுக்கு ஆகாது.

கூடவே, நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் குடலுக்குள்ளிருந்த காற்று அங்கே நாலில் ஒரு பங்கு பருத்துவிடும். ஏறி வந்த அன்று வயிறு உப்புவதாகத் தோன்றினால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

நீரிழிவும் இரைப்பையும்

பத்து வருடத்துக்கு மேல் நீரிழிவு கட்டுப்பாடில்லாமல் இருந்தால் இரைப்பைக்கு வரும் நரம்பும் கஜால் கலங்களும் சிதைகின்றன. நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்த உணர்வு, காலையில் சாப்பிட்டது மாலையில் வாந்தியாக வருதல், சீனி அளவு காரணமில்லாமல் ஏறி இறங்குதல் என்று தெரியவரும். இன்சுலின் போடுபவருக்கு இது ஆபத்து. ஊசி வேலை செய்யத் தொடங்கும்போது சோறு இன்னும் இரைப்பையிலேயே கிடக்கும். சீனி திடீரென்று விழும்.

உறுதிசெய்ய, கதிரியக்கக் குறி கலந்த முட்டை வெள்ளைக்கருவும் பாணும் கொடுத்து, 4 மணி நேரம் கமராவில் தொடர்வார்கள். அந்நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் மிஞ்சியிருந்தால் மந்தம். இவர்களுக்கு நார் கூட்டச் சொல்வது தவறு. கொழுப்பும் நாரும் இரைப்பையை இன்னும் தாமதிக்கும். சிறு சிறு சாப்பாடு, நன்றாக மசித்தது, கஞ்சி, சூப் என்று மாற வேண்டும். ஊசி போடும் நேரத்தை வைத்தியரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.

வீட்டிலேயே அளக்க

2021 இல் வெளியான ஓர் ஆய்வில் 863 பேருக்கு நீல நிறம் சேர்த்த கேக் கொடுத்து, நீலம் வெளியே வரும் நேரத்தைக் குறித்தார்கள். நடு அளவு 28.7 மணி. நமக்கு நீலக் கேக் வேண்டாம். அவித்த சோளம் போதும், அதன் தோல் சமிக்காமல் அப்படியே வரும்.

1. ஒரு வாரம் சோளம் சாப்பிடாமல் இருங்கள். பேதிக் குளிசையும் வேண்டாம்.
2. ஒரு நேரம் அரைக் கோப்பை சோளமணியைச் சாப்பிட்டு, சாப்பிட்ட நேரத்தைக் கலண்டரில் எழுதுங்கள். அதிகம் மெல்ல வேண்டாம்.
3. மலத்தில் முதல் சோளமணி தெரியும் நேரத்தையும், கடைசிச் சோளமணி தெரியும் நேரத்தையும் எழுதுங்கள்.

முதல் சோளமணி 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்தால் பொதுவாகச் சரி. 72 மணி நேரம் தாண்டியும் வராவிட்டால் மந்தம். அந்தத் தாளோடு, எடுக்கும் குளிசைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிதல், ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக வந்த மலச்சிக்கல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம், இவற்றில் ஒன்றிருந்தாலும் சோளத்துக்குக் காத்திருக்காமல் நேரே போக வேண்டும்.